எதுக்கும் இருக்கட்டும்: தீவுக்கப்பல் ஏறுவோரின் மூட்டையும் இடைநாளும் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

தமிழ்க் குடும்பம் ஒன்று கடல்வழியே தீவு பார்க்கக் கிளம்பும்போது எத்தனை பைகளோடு கிளம்புகிறது? கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாளை வெளியூரில் எப்படிக் கழிக்கிறது? இவ்விரு வினாக்களும் இதுவரை தனித்தனியாகவே விவாதிக்கப்பட்டு வந்துள்ளன. முதல் வினா, கட்டில்மேல் வாய்பிளந்து கிடக்கும் டிராலிக்கு இருபுறமும் நின்று விவாதிக்கப்படுகிறது. இரண்டாவது, ரயிலில் விளக்கணைத்த பிறகு, கீழ்ப் பெர்த்துக்கும் நடுப் பெர்த்துக்கும் இடையே, பிற பயணிகளின் உறக்கத்தைப் பொருட்படுத்தாமல் விவாதிக்கப்படுகிறது.

இவை இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். பையை நிரப்புவது ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்னும் கோட்பாடு. நாளை நிரப்புவது ‘வந்ததே வந்தோம்’ என்னும் கோட்பாடு. முன்னதன்படி, எடுத்துப்போகாத பொருள்தான் தேவைப்படும். பின்னதன்படி, பார்க்காமல் விட்ட இடம்தான் நல்ல இடமாக இருக்கும். இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிக்கும் குடும்பம் கப்பல் ஏறும்போதே களைத்துப்போய் ஏறுகிறது.

களம்

கொச்சியிலிருந்து லட்சத்தீவு போகும் கப்பலே இந்த ஆய்வின் களம். கரீபியன் கடலில் நீச்சல்குளமும் லிஃப்டும் உள்ள மாளிகைக் கப்பலில் போகிறவரின் பெட்டியை வேறு யாரோ தூக்கிவந்து அறைவாசலில் வைத்துவிடுகிறார்கள். தன் மூட்டையைத் தானே தூக்காதவரிடம் சுமையியல் ஆய்வாளருக்கு வேலை இல்லை. லட்சத்தீவுக் கப்பலில் அந்தக் குறை கிடையாது.

தீவுகள் 36, மக்கள் குடியிருப்பவை 10. எல்லாவற்றின் நிலப்பரப்பையும் கூட்டினாலும் 32 சதுர கிலோமீட்டர்தான் தேறும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426. கொச்சியிலிருந்து கல்பேனி 287 கிலோமீட்டர், மினிக்காய் 398, தலைநகரான கவரத்தி 404. கப்பலுக்குப் பதினான்கிலிருந்து பதினெட்டு மணி நேரம் ஆகும். நினைத்த மாத்திரத்தில் போய் இறங்க முடியாது. 1967-ஆம் ஆண்டின் நுழைவு விதிகளின்படி முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை மழைக்காலக் கடல் சுற்றுலாவுக்கு இடம் கொடுப்பதில்லை. லட்சத்தீவு நிர்வாகத்தின் ‘ஸ்போர்ட்ஸ்’ அமைப்பு ‘எம்.வி. கவரத்தி’ கப்பலில் நடத்திவந்த ‘சமுத்ரம்’ என்ற ஐந்து நாள் பயணம் நம் ஆய்வுக்கு அளவெடுத்துத் தைத்தது. இரவில் கப்பல் ஓடும், பகலில் ஒரு தீவில் இறங்கலாம், சாயங்காலம் கப்பலுக்கே திரும்பிவிட வேண்டும். பெரிய பெட்டிகள் அறையிலேயே கிடக்கும். அப்படியானால் பெரிய பெட்டி எதற்கு என்ற கேள்வியை எந்தக் குடும்பமும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இத்துறையில் முன்னோர் பங்களிப்பையும் குறிப்பிட்டாக வேண்டும். முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி, கடல் நடுவே பன்னீராயிரம் பழந்தீவுகளை அவன் வென்றதாகச் சொல்கிறது. அவை மாலத்தீவும் அதையொட்டிய தீவுகளும் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. படையில் போனவர்கள் தலைக்கு எத்தனை மூட்டை கொண்டுபோனார்கள், கப்பல் ஏறுமுன் அவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்ததா என்பதையெல்லாம் மெய்க்கீர்த்தி சொல்லவில்லை. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளோ, ஆடல்மகளிர் நானூறு பேரில் யார் எந்தத் தெருவில் எந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்பதுவரை எழுதிவைத்தவை. அப்படிப்பட்ட அரசே மூட்டைக் கணக்கில் கைவைக்காமல் ஒதுங்கியிருக்கிறதென்றால், அது அந்தக் காலத்திலும் குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க முடியாத விவகாரமாகவே இருந்திருக்க வேண்டும்.

மூட்டை

மாதிரிக் குடும்பமாக எடுத்துக்கொண்டது சென்னைப் புறநகரிலிருந்து கிளம்பும் நால்வரை: கணவர், மனைவி, கல்லூரியில் படிக்கும் பையன், கணவரின் அக்கா. குடும்பம் கற்பனைதான். ஆனாலும் வாசகர்கள் தம் வீட்டு நிகழ்ச்சியை இக்கட்டுரையாளர் ஒட்டுக்கேட்டதாகக் குற்றம் சாட்டக்கூடும் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம்.

“ஏங்க, அந்த ஸ்வெட்டரையும் உள்ள வைங்க.”

“தீவுக்குப் போறோம்மா. வேர்த்துக் கொட்டும்.”

“கப்பல்ல ஏசி போடுவாங்கல்ல? எதுக்கும் இருக்கட்டும்.”

தர்க்க நோக்கில் இவ்வுரையாடல் மிக நுட்பமானது. ஸ்வெட்டர் வேண்டாம் என்பவர், குளிராது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். வேண்டும் என்பவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பயணம் முடிந்து ஸ்வெட்டர் மடிப்புக் கலையாமல் வீடு திரும்பினாலும் கோட்பாடு தோற்காது. “நல்லவேளை, தேவைப்படலை” என்று அதுவே வெற்றியாகப் பதிவாகும். எந்தச் சான்றாலும் பொய்ப்பிக்க முடியாத கூற்று அறிவியல் ஆகாது என்றார் கார்ல் பாப்பர். அவர் நம் வீடுகளில் யாருக்கும் பெட்டி கட்டிக்கொடுத்ததில்லை.

பைகள் மூவகை. முதலாவது டிராலி. சக்கரம் இருப்பதால் எடை இல்லை என்ற மயக்கத்தைத் தருவது. படிக்கட்டைக் கண்டதும் உண்மையை ஒப்புக்கொள்வது. இரண்டாவது தோள்பை. மூன்றாவதும் முதன்மையானதும் கட்டைப்பை.

கட்டைப்பையைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஜவுளிக்கடை தந்தது, மேலே கைப்பிடிக்கு இரண்டு கட்டை, பக்கவாட்டில் கடையின் பெயரும் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண்ணின் படமும். இதை யாரும் திட்டமிட்டு அடுக்குவதில்லை. டிராலியின் ஜிப்பைப் பையன் மேலே ஏறி உட்கார்ந்து மூடியான பிறகு, வாசலில் ஆட்டோக்காரர் இரண்டாவது ஹாரன் அடிக்கும்போது இது தானாகப் பிறக்கிறது. ஃப்ளாஸ்க், மாத்திரை டப்பா, செல்போன் சார்ஜர், முறுக்குச் சம்படம், இரண்டு எவர்சில்வர் தம்ளர், பழைய செய்தித்தாள், கொசுவத்தி, கட்டுச்சோற்று டப்பா, எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சீப்பு வாழைப்பழம். பெரியவர்கள் ஒன்றுக்கு மூன்று பட்டியல் எழுதியும் இப்பொருள்களில் ஒன்றுகூட எந்தப் பட்டியலிலும் இருக்காது. ஆனால் பயணம் முழுக்கக் கையெட்டும் தூரத்தில் தேவைப்படுபவை இவை மட்டுமே. டிராலியில் உள்ளவை வீட்டுக்குத் திரும்பிவந்து துவைக்கப்படுவதற்காக எடுத்துச் செல்லப்படுபவை.

இந்த இடத்தில் ரயில்வேயின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. மூன்றடுக்கு ஏசிப் பயணிக்கு 40 கிலோ வரை கட்டணமில்லை. நால்வருக்கு 160. அரசே இவ்வளவு பெருந்தன்மையாக இருக்கும்போது நாம் ஏன் கஞ்சத்தனம் பட வேண்டும் என்று குடும்பம் நினைப்பதில் தவறில்லை. அந்த 160 கிலோவை எர்ணாகுளத்தில் இறக்குவது யார் என்பதில் மட்டும் ரயில்வே கருத்துச் சொல்வதில்லை. இதற்கு நேர்மாறாக, சுமை குறைய உதவும் சட்டம் ஒன்றும் உண்டு. பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மது கூடாது. கணவரின் டிராலியில் ஸ்வெட்டருக்குள் சுருட்டிவைத்த ஒரு பொருள் கடைசி நேரத்தில் வெளியே எடுக்கப்பட்டது இந்த விதியால்தான். அவ்விடத்தை உடனே ஒரு கிலோ மிக்சர் நிரப்பியது. காலியிடத்தை இயற்கை பொறுக்காது என்று அரிஸ்டாட்டில் சொன்னது இதைத்தான்.

இடைநாள்

கப்பல் நமக்காகக் காத்திருக்காது. ரயிலோ நம்மைக் காக்கவைக்கும். ஆகவே ஒரு நாள் முன்னதாகவே கொச்சிக்குப் போய்விடுவது அறிவுடைமை. ஆலப்புழை எக்ஸ்பிரஸில் சென்னை சென்ட்ரலில் இரவு ஏறினால் காலையில் எர்ணாகுளம். அந்த ஊருக்கு ஜங்ஷன், டவுன் என்று இரண்டு ஸ்டேஷன்கள் உண்டு. உள்ளூர்க்காரர்களுக்கு அவை சவுத், நார்த். ஒன்றில் இறங்க வேண்டியவர் மற்றதில் இறங்கிவிட்டு, தான் இறங்கியதே சரி என்று ஆட்டோக்காரரிடம் வாதிடுவது மரபு.

காலையில் இறங்கியாயிற்று. அறை நண்பகலுக்கு மேல்தான் கிடைக்கும். மறுநாள் கப்பல். இடையில் இருக்கும் வெறுமையான ஒரு பகலைத்தான் இக்கட்டுரை இடைநாள் என்கிறது. இதற்கான திட்டம் முந்தைய இரவே, பாலக்காடு வருமுன், கணவரால் செல்போன் வெளிச்சத்தில் வகுக்கப்பட்டுவிட்டது. ரயிலைவிட்டு இறங்கியதும் குருவாயூர், அது வடக்கே எண்பது கிலோமீட்டர் சொச்சம். வரும் வழியில் அதிரப்பள்ளி அருவி. காலடி. மதியத்துக்குள் கிழக்கே மூணாறு, நூற்றுமுப்பது கிலோமீட்டர் மலைப்பாதை. இறங்கித் தெற்கே ஆலப்புழையில் படகுவீடு. ராத்திரி சோற்றானிக்கரை. மேற்கே எதுவும் இல்லாததற்கு அங்கே கடல் இருப்பதே காரணம்.

“ஒரே நாள்ல எப்படிடா?” என்றார் அக்கா.

“வந்ததே வந்தோம்க்கா. கார் ஒண்ணு பேசிட்டா ஒரு ரவுண்டு.”

“மாமாவை ஒரு ரவுண்டுனு திருப்பதிக்குக் கூட்டிட்டுப் போனியே. அவர் இன்னும் அதைச் சொல்லிட்டிருக்காரு.”

இந்தத் திட்டத்தை முறியடித்தது அறிவும் அல்ல, தூரமும் அல்ல. கட்டைப்பை. இதுவே இக்கட்டுரையின் முதன்மைக் கண்டுபிடிப்பு என்பதால் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரயில் நிலையத்தில் மூட்டைகளை ஒப்படைக்கக் க்ளோக் ரூம் உண்டு. பூட்டிய பைகளையே அங்கே வாங்குவார்கள். டிராலிக்குப் பூட்டு இருந்தது. தோள்பைக்கு, எந்தப் பூட்டுக்கும் சேராது என்று கருதப்பட்ட அந்தச் சாவியின் பூட்டு பையனின் பாக்கெட்டிலிருந்து கிடைத்தது. கட்டைப்பைக்கோ வாயே மூடாது, பூட்டுவது எங்கே? ஆக, க்ளோக் ரூமைத் தாண்டிக் குடும்பத்தோடு ஊர் சுற்றும் உரிமை பெற்ற ஒரே பை அதுதான். சட்டப்படி விடமுடியாத பையில் இருப்பவை உடையக்கூடிய ஃப்ளாஸ்கும் நசுங்கக்கூடிய வாழைப்பழமும் புளிக்கக்கூடிய சோறும். அதை யார் தூக்குவது என்ற கேள்வியில் காலை பத்து மணியாயிற்று. அதிரப்பள்ளி தானாக உதிர்ந்தது. பிறகு மூணாறு. பத்தரைக்குள் கோயில்களும் போய், மிஞ்சியது ஃபோர்ட் கொச்சி ஒன்றுதான். நிரம்பிய பை நாளைச் சுருக்கும் என்று இதை விதியாகவே எழுதிவைக்கலாம்.

உண்மையில் இடைநாளுக்கு அதுவே போதும். உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோவில் ஏறினால் ஃபோர்ட் கொச்சி. 2023 ஏப்ரலில் தொடங்கிய இந்தப் படகுகள் மின்கலத்தில் ஓடுபவை. சத்தமில்லை, புகையில்லை, ஏசி உண்டு. (ஸ்வெட்டர் இங்கே பயன்பட்டிருக்கலாம். அது க்ளோக் ரூமில் இருந்தது.) கிழமை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை திறக்காது. யூதர் தெருவில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெபஆலயம் சனிக்கிழமை திறக்காது. இவ்விரு கிழமையிலும் சேராத இடைநாள் வாய்த்தவர் பாக்கியவான். மற்றவர்கள் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு “உள்ள ஒண்ணும் பெருசா இருக்காது” என்று சொல்லிக்கொள்ளலாம். ஜெபஆலயத்துக்குள் பெரிதாக ஒன்று இருக்கத்தான் செய்கிறது: தரை முழுக்கச் சீனத்திலிருந்து வந்த நீலநிற ஓடுகள், கையால் வரைந்தவை.

இடைநாள் ஆய்வாளர் கட்டாயம் போக வேண்டிய இடம் புனித பிரான்சிஸ் தேவாலயம். வாஸ்கோ டகாமா 1524-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கொச்சியில் இறந்தார். அவரை இங்கேதான் அடக்கம் செய்தார்கள். ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் கழித்தே எச்சங்களைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த கப்பலுக்காகக் கொச்சியில் காத்திருந்தவர்களில் இவரை மிஞ்சியவர் யாரும் இருக்க முடியாது. அவர் பக்கத்தில் மூட்டை எதுவும் இல்லாததையும் கவனிக்க வேண்டும். தரையில் அந்தக் கல்லறைக் கல்லும், மேலே ஆள் இழுத்து அசைத்த பழைய துணி விசிறிகளும் இன்னும் இருக்கின்றன. அக்கா விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து, இழுக்க ஆள் இல்லாததைக் கண்டு எழுந்துவிட்டார்.

கடற்கரையில் சீனவலைகள். தேக்குக் கம்புகளில் கட்டிய பெரிய வலை, மறுமுனையில் கயிற்றில் கோத்துத் தொங்கும் பாறாங்கற்கள். நாலைந்து பேர் கயிற்றை இழுக்க, கற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் அமர, வலை தண்ணீரிலிருந்து எழும். கனம் இங்கே எதிர்க்கனமாக வேலை செய்கிறது. சுமை மனிதனுக்கு உதவியதாக இவ்வாய்வில் அகப்பட்ட ஒரே சான்று இதுதான். கட்டைப்பையை எதற்கு எதிர்க்கனமாக வைக்கலாம் என்று பையன் கேட்டான். அந்தத் திசையில் ஆய்வு தொடரவில்லை.

கட்டுச்சோறு பிற்பகல் இரண்டு மணிக்குப் புளித்தது. ஊரெங்கும் ஆப்பமும் மீன்கறியும் கிடைக்கும்போது தாம்பரத்திலிருந்து சோறு சுமந்தது ஏன் என்று இங்கே கேட்கக்கூடாது. அது எதுக்கும் இருக்கட்டும் என்று எடுத்துவந்தது.

துறைமுகம்

மறுநாள் கப்பல் ஏறுமிடம் வில்லிங்டன் தீவு. சுமையியலாளருக்கு இது புனிதத் தலம். கொச்சிக் காயலின் வாயில் முன்பு ஒரு மணல்திட்டு அடைத்துக்கிடந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாமல் வெளிக்கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றன. 1920-இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் வந்தார். சென்னை மாகாண ஆளுநராக வில்லிங்டன் பிரபு இருந்த காலம். பிரிட்டிஷ் கொச்சி அப்போது நம் மாகாணத்தில்தான் இருந்தது. பிரிஸ்டோ மணலைத் தோண்டி வெளியே எடுத்தார், எடுத்த மணலைக் காயலில் கொட்டித் தீவு ஒன்றை எழுப்பினார், தோண்டிய எந்திரத்துக்கும் தீவுக்கும் ஆளுநரின் பெயரையே வைத்தார்கள். 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்துக்குள் வந்தது. தேவையற்றதை வெளியே எடுத்துப்போட்டதால்தான் அந்தத் துறைமுகமே உண்டாயிற்று. அப்படி வெளியே போட்ட மணல்மேல் நான்கு டிராலி, இரண்டு தோள்பை, ஒரு கட்டைப்பையோடு நம் குடும்பம் வரிசையில் நின்றது.

கதவு

வீட்டில் எடைபோடுவது வீண். மூட்டைக்கு உண்மையான தராசு கல்பேனி போன்ற தீவுக்கு வெளியே, நடுக்கடலில் இருக்கிறது. பவளப்பாறைத் திட்டுக்குள் பெரிய கப்பல் நுழைய முடியாது, வெளியே நின்றுவிடும். பக்கவாட்டில், தண்ணீருக்குச் சற்று மேலே, ஒரு இரும்புக் கதவு திறக்கிறது. கீழே எந்திரப் படகு அலையோடு ஏறி இறங்குகிறது. ஏறும்போது அதன் விளிம்பு கதவின் படிக்கு நேராக வந்து நிற்கும். கண்ணிமைத்தால் மூன்றடி கீழே போயிருக்கும். கதவில் நிற்பவர் உங்கள் வலக்கையைப் பிடித்துக்கொள்வார், படகில் நிற்பவர் இடக்கையைக் கேட்டு நீட்டுவார். அலை தூக்கியதும் “ஆ... சாடிக்கோ!” என்று ஒரு குரல். சாட வேண்டும்.

இரண்டு கையும் அவர்களுடையது. இதிலிருந்து பெறப்படும் தேற்றம்: தீவில் இறங்குபவரின் கையில் எதுவும் இருக்கக்கூடாது, முதுகில் இருப்பதும் சாடும்போது பின்னே இழுக்காத அளவே இருக்க வேண்டும். ஒரு சிறு முதுகுப்பை. அதற்குள் ஒரு துண்டு, நனையாத உறையில் ஒரு மாற்றுத்துணி, தொப்பி, தண்ணீர் பாட்டில், அடையாள அட்டையும் அனுமதிச் சீட்டும். காலில் பின்வார் வைத்த ரப்பர் செருப்பு. பவளம் கிழித்த காலில் உப்புநீர் பட்டால் ஊருக்கே கேட்கும். ஊருக்குள் நடக்க முழு உடை. தீவுமக்கள் பெரும்பாலும் இஸ்லாமியர், உடையில் கட்டுப்பாடு உள்ளவர்கள். மேலும் இரண்டு செட் பருத்தித் துணி கப்பலில் இருந்தால் ஐந்து நாளும் ஓடிவிடும். வாந்தி மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு தேடுவதில் பயனில்லை, ஏறுமுன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கல்பேனிக்கும் மினிக்காய்க்கும் நடுவே ஒன்பது டிகிரிக் கால்வாயைக் கடக்கும் இரவில், டப்பா டிராலிக்கு அடியில் இருப்பதாக நினைவுக்கு வருவது பலருக்கும் நேர்ந்தது.

அக்கா கதவுக்கு வந்தபோது கையில் கட்டைப்பை இருந்தது. பணியாளர் கையைக் கேட்டார். அக்கா பையைக் கொடுத்தார். அவர் அதைப் படகுக்கு வீசினார். சம்படம் சத்தம் போட்டது. முறுக்கு சென்ட்ரலிலேயே நொறுங்கிவிட்டதால் இழப்பு எதுவும் பதிவாகவில்லை.

துண்டு

அறையில் கிடந்தவற்றில் ஆய்வுக்குரியவை இரண்டு துண்டுகள். கணவருடையது தடித்த டர்க்கி டவல். அக்காவுடையது ஈரிழைத் துண்டு. முதல் நாள் கடலில் குளித்தபின் இரண்டும் ஒரே கம்பியில் காயப்போடப்பட்டன. ஈரிழை சாயங்காலத் தேநீருக்குள் உலர்ந்துவிட்டது. டர்க்கி டவல் பயணம் முடியும்வரை உலரவே இல்லை. டர்க்கி டவலின் முகத்தில் எழும்பி நிற்கும் நூல்வளையங்கள் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கடற்காற்றோ ஏற்கெனவே ஈரம் நிறைந்தது. போதாக்குறைக்குக் கடல்நீரில் நனைந்த துணியில் உப்புத் தங்கி, காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் அலசினால்தான் உப்புப் போகும்.

தீவில் நல்ல தண்ணீர் சும்மா வருவதில்லை. கவரத்தியில் 2005 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஓடுகிறது, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். மேல்மட்டத்து வெதுவெதுப்பான கடல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த அறைக்குள் விட்டு ஆவியாக்குகிறார்கள். ஏறத்தாழ முந்நூற்றைம்பது மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் ஏற்றிய குளிர்நீரைக் கொண்டு அந்த ஆவியைத் தண்ணீராக்குகிறார்கள். இதை அமைத்தது சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். இத்தனை ஏற்பாட்டில் கிடைக்கும் தண்ணீரைக் கொண்டு டர்க்கி டவலை அலசுவது குறித்து ஒரு தமிழருக்கு மனசாட்சி உறுத்த வேண்டும்.

ஈரிழைத் துண்டின் பிற பயன்களை இங்கே முழுமையாகச் சொல்ல இடமில்லை. தலைக்கு முக்காடு, கழுத்துக்குக் குளிர்ச்சி, சுருட்டினால் தலையணை, உடைமாற்றத் திரை. பேருந்துச் சன்னல் வழியே வீசி இருக்கை பிடிப்பது அதன் பழம்பெரும் பயன். கப்பலில் இந்தக் கடைசிப் பயன் செல்லுபடியாகவில்லை. மேல்தளத்து நாற்காலியில் அக்கா விரித்த துண்டின்மேலேயே ஒருவர் உட்கார்ந்து, “நல்ல துண்டு சேச்சி” என்றார்.

மீட்சி

திரும்பும்போது சுமை குறையும் என்பது துறைக்குப் புதியவர்கள் நம்புவது. மிக்சர் தீர்ந்தது, வாழைப்பழம் போயிற்று. பவளத் துண்டு பொறுக்கிவரக்கூடாது. வனவிலங்குச் சட்டம் அதைத் தடுக்கிறது. பையன் சட்டைப்பையில் போட்டிருந்ததைக் கரையிலேயே திரும்ப வைத்தான். ஆனால் மினிக்காயில் மாசி கிடைத்தது. தூண்டில் போட்டுப் பிடித்த சூரை மீனை அவித்து, புகைபோட்டு, மரக்கட்டை போல ஆகும்வரை காயவைத்தது. தூத்துக்குடிப் பக்கத்துச் சமையலறைகளில் மாசிக்குத் தனி மரியாதை உண்டு. அக்கா அந்தப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். இரண்டு கிலோ வாங்கினார். டிராலியில் வைத்தால் எல்லாத் துணியும் மணக்கும் என்று மனைவி சொல்லிவிட்டார்.

“அண்ணி, அதைக் கட்டைப்பையிலயே வச்சிருங்க.”

மூன்று பிளாஸ்டிக் உறை, அதன்மேல் டர்க்கி டவல். டவலுக்கு இந்தப் பயணத்தில் முதன்முதலாக ஒரு வேலை கிடைத்தது. ஏசி மூன்றடுக்கில் சன்னல் திறக்காது என்பதையும் மாசியின் மணம் மூன்று உறைக்குக் கட்டுப்படாது என்பதையும் குடும்பம் திருச்சூர் தாண்டியதும் ஒருசேர உணர்ந்தது. எதிர்ப் பெர்த்துக்காரர் எழுந்துபோய் டி.டி.ஆரோடு திரும்பிவந்தார். பட்டுச்சேலைப் பெண்ணின் படம் போட்ட அந்தப் பை யாருடையது என்று டி.டி.ஆர் கேட்டார். நான்கு பேரும் பாரதப்புழையை மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.